ஐந்து மைல் அடுக்களை

குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் வளைகுடாப் பணம் ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் முகப்பைத்தான் மாற்றும். தூணுக்குக் கிரானைட், மதிலுக்கு இரண்டு நிறம், வாசலுக்குத் தேக்குக் கதவு. அடுத்து வரவேற்பறை. அதற்கும் அடுத்து, படுக்கையறையை ஒட்டி ஒரு குளியலறை. அடுக்களையின் முறை வருவதற்குள் கையிருப்பு தீர்ந்திருக்கும். இல்லையென்றால் லீவு முடிந்து ஆள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியிருப்பார். ஆற்றுமுகத்துக்கு அக்கரையில் இரையுமன்துறையிலும், இக்கரையில் முள்ளூர்துறை, இனயம் பக்கமும், கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் வரிசை இதேதான். தொகைதான் குறைவு.

அதனால் முப்பது நாற்பது வயதான அடுக்களைகள் இந்தக் கரையில் ஏராளம். மண்ணடுப்பு இருந்த மூலையில் ஒரு சிமென்ட் திண்டு. தலைக்கு மேல் கரிபிடித்த ஓடு. ஒரு ஜன்னல், ஒரு பல்பு, ஒரே ஒரு பிளக். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் உஜ்வலா திட்டம் வந்து, கேஸ் இல்லாத வீடுகளுக்கும் கேஸ் வந்தது. பொருள்கள் வந்தன, அவற்றை வைக்க இடத்தையும் மாட்டப் பிளக்கையும் யாரும் தரவில்லை. அடுப்பு மாறிவிட்டது, அறை மட்டும் இன்னும் விறகுக்குக் கட்டிய அறையாகவே நிற்கிறது.

இந்த நிலையில் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “உம்மா, இத எடுத்துப் போட்டுட்டுப் புதுசா கெட்டிரலாம்.” எடுத்துப் போடுவதற்குக் கூலி, இடிபாட்டை ஏற்றிப் போக வண்டி, மறுபடி கட்டக் கல்லும் சிமென்டும், அதற்கு மேல் டைல்ஸ். கையிலிருக்கும் சிறு தொகையில் பாதி, பழைய நிலைக்குத் திரும்பி வருவதற்கே போய்விடும். இன்னொரு பக்கம் மாடுலர் கிச்சன் விளம்பரம். பளபளவென்று இருக்கும், ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் ஊதும், ஓரத்தில் லேமினேட் கிளம்பும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உப்புக்காற்று சாதாரண இரும்புக் கீலையும் திருகாணியையும் அரித்துவிடும். அந்தப் பணத்தை அங்கே கொண்டுபோய்ப் போடுவது வீண் என்பதே என் எண்ணம். அப்படியே பலகைதான் வேண்டுமென்றால், ஐ.எஸ். 710 என்று முத்திரை குத்திய மரைன் பிளைவுட்; கீலுக்கு 304 ரக எவர்சில்வர். அதற்குக் குறைந்தது எதுவும் வேண்டாம்.

ஒரு அடுக்களை பழசாகிவிட்டது என்று சொல்லும்போது நாம் பார்ப்பது நிறத்தையும் கதவையும். அதில் நின்று வேலை செய்கிறவளுக்கு அது பழசாவது வேறு இடங்களில்: வெளிச்சம் போதாது, புகையும் ஆவியும் போகாது, திண்டு முதுகை வளைக்கிறது, தண்ணீர் எட்டடி தள்ளி இருக்கிறது. இந்த நான்கையும் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் முடித்த பிறகு விருந்தாளியிடம் காட்டிப் பெருமைப்பட எதுவும் இருக்காது. வேலை நடக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பேக்கரின் கணக்கு

சிக்கனமாகக் கட்டுவதற்கு நமக்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் 1917-ல் பிறந்த லாரி பேக்கர் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்தவர். கடைசிக் காலம்வரை திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் குடியிருந்து 2007-ல் மறைந்தார். தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸின் சுருள் கட்டடம் அவருடையது. நம் ஊர்க்காரர்கள் பஸ் ஏறவும் ரயில் ஏறவும் போகும்போது அதைப் பார்த்திருப்பார்கள். இளமையில் காந்தியைச் சந்தித்தபோது, வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதைப் பேக்கர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இடிக்கிற வீடுகளின் கதவையும் ஜன்னலையும் வாங்கிப் புது வீட்டில் வைத்தார். எதையும் செய்வதற்கு முன் இது தேவையா என்று கேட்பதே அவருடைய முதல் சிக்கனம்.

தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டுப் பாருங்கள். மண் ஓடு, சிப்பிச் சுண்ணாம்பு, தென்னந்தடி, பனங்கை, பலா, அயனி மரங்களில் செய்த பழைய கதவுகள், கயிற்றுத் தொழிலின் தும்பு, முந்திரி ஆலைகளில் கிடைக்கும் கொட்டை எண்ணெய். உப்புக்காற்றோடு பல தலைமுறை பழகிய பொருள்கள் இவை.

ஓட்டிலிருந்தே தொடங்கலாம். பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையை வைத்ததிலிருந்து மேற்குக் கரை முழுவதும் பரவிய அதே ஓடுதான் இங்கேயும். அந்த அச்சிலேயே கண்ணாடி ஓடு கிடைக்கும். இருட்டு அடுக்களையில் மண் ஓட்டில் இரண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓட்டைச் செருகினால், பகலில் பல்பு போட வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் மாற்றங்களிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான். ஒன்று, அடுப்புக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்து மங்கிவிடும். வெட்டுகிற, அரிசி களைகிற இடத்துக்கு மேலே வைக்க வேண்டும்.

ஏணி வைத்து ஏறும்போதே கூரையின் கழுக்கோலையும் பட்டியலையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். விறகுப் புகை கண்ணுக்குக் கெடுதல், நெஞ்சுக்குக் கெடுதல். வீட்டுக்குள் எரிக்கும் விறகாலும் கரியாலும் வரும் புகை 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆனால் அதே புகைதான் கூரை மரத்தில் வண்டு தங்காமல் வைத்திருந்தது என்பது இங்கே மூத்தவர்களுக்குத் தெரியும். கேஸ் வந்து புகை நின்ற பிறகு கழுக்கோலிலிருந்து மாவு உதிரத் தொடங்கும். மாவு கொட்டினால் முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசலாம். தோலில் பட்டால் பொத்துவிடும், ஆகவே கையுறை கட்டாயம். காயச் சில நாள் ஆகும். கூரை மரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உணவு படும் பலகைக்கு வேண்டாம்.

ஆவி வெளியேற 9 அங்குல விசிறி ஒன்று, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் அல்ல, அடுப்பை ஒட்டி உயரத்தில். இரும்பு உடம்பு வேண்டாம், பிளாஸ்டிக் போதும். விசிறி காற்றை வெளியே தள்ள வேண்டுமென்றால் உள்ளே காற்று வர வழி வேண்டும். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு விசிறியைப் போட்டால் அது சுற்றும், அவ்வளவுதான்.

முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே

வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வரைந்தார். சுமார் ஆறேகால் அடி அகலம், பதினோரு அடி நீளம். ரயிலில் உணவுப் பெட்டியின் அடுக்களையில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்து, எத்தனை அடி நடக்கிறோம், எங்கே கை நீட்டுகிறோம் என்று கணக்கிட்டு அமைத்தது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதை வைத்தார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் தாய் அதுதான். அதை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று அந்த அம்மாள் பிற்பாடு சொன்னார். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீடுகளில் ஆயுள் முழுக்கச் சமைத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திண்டு கட்டுகிறார்களே, அதைவிட இது மேல்.

திண்டின் உயரத்தைக் கொத்தனாரின் வழக்கமோ கடைக்காரரின் பட்டியலோ முடிவு செய்யக் கூடாது. சமைப்பவர் நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, அதிலிருந்து 4 அங்குலம் கீழே வெட்டுகிற மேடை. நம் பெண்களின் சராசரி உயரம் ஐந்தடி. அவர்களுக்கு இது 33 அங்குலத்தை ஒட்டி வரும். மேலைநாட்டு அளவான 36 அங்குலத்தில் கட்டினால் தோள் தூக்கியே இருக்கும். பழைய திண்டோ இரண்டடிக்குச் சற்று மேலே, முதுகு கூனியே இருக்கும். அடுப்புக்கு உயரம் வேறு. அடுப்பும் அதன்மேல் பானையும் ஏறுவதால் அந்த இடம் மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும்.

பழைய திண்டை இடிக்காமலே இதைச் சரிசெய்யலாம். ஒரு வரி செங்கல் சாந்தோடு சேர்ந்து மூன்று, மூன்றரை அங்குலம் உயரும். அடுப்பு வைக்கும் இடத்தில் ஒரு வரி, மீதி நீளத்துக்கு இரண்டு வரி, மேலே கல். அரைநாள் வேலை. பழைய திண்டின் அடியில் கதவே வேண்டாம். இரண்டு கடப்பாக் கல் தட்டும், தைத்துப் போட்ட ஒரு திரையும் போதும். மூடிய அலமாரியில் இந்த ஊர் ஈரத்துக்குப் பூசணம்தான் குடியிருக்கும்.

மேலே போடும் கல் கடப்பாவா கிரானைட்டா? கடப்பா விலை குறைவு. ஆனால் அது சுண்ணாம்புக்கல் இனம். புளி, எலுமிச்சை, காடி பட்டால் மினுக்கம் போய் வெள்ளைத் திட்டு விழும். நாளும் மீன்குழம்புக்குப் புளி கரைக்கிற வீட்டில் மேடை சீக்கிரமே அப்படி ஆகிவிடும். ஆகவே மேலே கிரானைட், அடித்தட்டுக்குக் கடப்பா. பெரிய வீட்டு வேலைகளில் மிஞ்சிய கிரானைட் துண்டுகளை அறுப்பு ஆலையில் தனியாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். இரண்டு நிறம் சேர்ந்து வந்தாலும் பாதகமில்லை, மேடையே இரண்டு உயரம்தானே.

பதினாறு சதுர அடி

பத்துக்கு எட்டு அடுக்களைக்கு ஏழடி உயரம் சுற்றிலும் டைல்ஸ் ஒட்டினால், கதவு ஜன்னலைக் கழித்தாலும் 200 சதுர அடிக்கு மேல் வரும். எண்ணெய் தெறிப்பது எங்கே? எட்டடி மேடைக்குப் பின்னால், இரண்டடி உயரத்துக்கு. 16 சதுர அடி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிடித்த டைல்ஸை, கொஞ்சம் விலை கூடினாலும், அந்தப் பதினாறில் வைத்துக்கொள்ளலாம். மிச்சச் சுவருக்குச் சுண்ணாம்பு போதும்.

சுண்ணாம்பு என்றால் ஏழை வீட்டுப் பூச்சு என்று முகம் சுளிக்கிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போய்வரட்டும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த அந்த இடத்தில், கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையைச் சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்ததாகச் சொல்வார்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ட ஊட்டுப்புரையும் அங்கேதான். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது. சுவரின் ஈரத்தையும் அது அடைத்து வைக்காமல் வெளியே விடும். முதலில் கரியைத் துடைப்பத்தால் தட்டி, வாஷிங் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிசுக்கு இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு நிற்காது. சுவரை நனைத்துக்கொண்டு, தண்ணியாக மூன்று கை அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே கை அடித்தால் செதிலாக உரியும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவர் என்றால் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே கழுவிக் காயவிட்டு, எண்ணெய் சார்ந்த பிரைமர் ஒரு கை, பிறகு எமல்ஷன். தண்ணீர் பிரைமர் அடித்தால் கரி பழுப்பாக ஊறி மேலே வந்துவிடும்.

தரையைத் தொடவே வேண்டாம் என்பேன். இங்கே பழைய அடுக்களைகளில் செந்நிற ஆக்சைடு தரை அல்லது தறையோடு. இரண்டும் வெறுங்காலுக்கு இதமானவை, ஈரத்தில் டைல்ஸ் அளவுக்கு வழுக்காதவை. அழுக்கேறிய ஆக்சைடு தரையைக் கழுவிக் காயவைத்துத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தால் நிறம் மேலே வரும். அதன்மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை ஒரு அங்குலம் உயரும். கதவின் அடியைச் சீவ ஆசாரி வர வேண்டும், தண்ணீர் போகும் ஓட்டை பள்ளமாகிவிடும். ஒரு செலவு மூன்றாகப் பெருகும்.

கான்கிரீட் கூரையும் பரணும் உள்ள வீடுகளில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். பரணின் அடியில் விரிசலோ துருக்கறையோ தெரிந்தால் அதன்மேல் பூசி மறைப்பது ஆபத்து. உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், அதனால்தான் கான்கிரீட் வெடிக்கிறது. தளர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசிய பிறகே சாந்து. வெண்கல உருளியையும் நிலவாயையும் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. இதற்கு முன் டைல்ஸுக்குப் பணம் ஒதுக்கினால், அந்த வீட்டில் யாரோ தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

கரண்டும் கேஸும் சுருக்கமாக. மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் மூன்றையும் ஒரே பிளக்கில் நீட்டிப்புப் பெட்டி வைத்து ஓட்டுவது தீக்கு அழைப்பு. மேடைக்கு மேலே இரண்டு பிளக், அதில் ஒன்று 16 ஆம்பியர்; ஈரக் கை படும் அறை என்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் எர்த்தும் கட்டாயம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே விசிறி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. கதவின் அடியிலோ சுவரின் அடியிலோ காற்றுப் போக வழி வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து தரையில், அடுப்பு அதன் தலையைவிட உயரத்தில். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுக்களைக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் முதல் பங்கு இந்தப் பத்திக்குத்தான்.

புறவாசலில் ஒரு கல்

கடலோர அடுக்களையின் நாற்றத்துக்குப் பாதிக் காரணம் மீனை உள்ளே வெட்டுவது. முன்பு அருவாமணையும் குரண்டியுமாகப் புறவாசலில் உட்கார்ந்துதான் வெட்டினார்கள். சிங்க் வந்ததும் வேலை உள்ளே போயிற்று. செதில் குழாயை அடைத்தது. உள்ளே இரண்டாவது சிங்க் வைக்கிற செலவில் கால்பங்குகூட ஆகாது, வெளியே சுவரோரம் இடுப்புயரத்தில் ஒரு கருங்கல் பலகை, மேலே ஒரு குழாய், தலைக்கு ஒரு ஓலைச் சாய்ப்பு. கழுவுகிற தண்ணீர் நேராக வாழை மூட்டுக்குப் போகும். விறகடுப்பையும் அங்கேயே கொண்டுபோய்விடலாம். பெருநாளுக்குப் பெரிய பானை ஏற்றவும், ஓலை, கொதும்பு, கதம்பல் என்று தோப்பில் சும்மா கிடைப்பதை எரிக்கவும் அது வேண்டியிருக்கும்.

கேஸ் செலவைக் குறைக்க எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், புகை போகக் குழாய் வைத்த விறகடுப்பைப் ‘பரிஷத் அடுப்பு’ என்ற பெயரிலேயே வீடுவீடாகப் பரப்பிய அமைப்பு. 1996-ல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றது. அவர்கள் பரப்பிய இன்னொன்று ‘சூடாறாப்பெட்டி’. உள்ளே தெர்மாகோல் பதித்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். அரிசியைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பானையோடு பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும். 1956 வரை நாமும் எல்லைக்கு அந்தப் பக்கத்தோடுதானே இருந்தோம். அதே பருத்த புழுங்கலரிசிதான் இங்கும், அரை மணி, முக்கால் மணி தீயைத் தின்கிற அரிசி. பழைய மரப்பெட்டி ஒன்றில் காய்ந்த தும்பை நெருக்கித் திணித்து, நடுவில் பானை அளவுக்குக் குழி விட்டு, மேலே ஒரு தும்பு மெத்தை தைத்துப் போட்டால் வீட்டிலேயே ஆகிவிடும். தெர்மாகோல்கூட வேண்டாம்.

மரப்பெட்டி என்றதும் இந்த ஊரில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் நினைவுக்கு வருகிறார். 1997-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய அவருடைய ‘சாய்வு நாற்காலி’யில், பழம்பெருமையில் சாய்ந்து கிடக்கும் முஸ்தபாகண்ணு தறவாட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்பார். நாவலுக்கு வெளியேயும் அந்த விற்பனை ஓயவில்லை. இடிக்கிற ஒவ்வொரு பழைய வீட்டிலிருந்தும் அயனிப் பத்தாயமும் பலாக் கதவும் வண்டியேறிப் போகின்றன. வீட்டுக்காரர் அதே மாதம் மரத்தூள் பலகையில் அலமாரி வாங்குகிறார். விற்பதற்கு முன் ஒரு கதவை மட்டும் நிறுத்தி வைத்தால், ஆசாரிக்கு ஒருநாள் கூலியில் அடுக்களைக்கு இரண்டு தட்டும் ஒரு பாத்திரப் பலகையும் ஆகும். நூறு வருடம் உப்புக்காற்றில் நின்ற மரம், இனிப் புதிதாக வளைய ஒன்றுமில்லை.

வேலையைக் காண்ட்ராக்ட்டுக்கு விட வேண்டாம். சதுர அடிக் கணக்கில் பேசினால் இடிப்பும் டைல்ஸும்தான் கூடும். செய்ய வேண்டியதைத் தாளில் எழுதி நாள்கூலிக்குப் பேசுவதே இப்படிச் சில்லறை வேலைக்குத் தோது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை: இடவப்பாதியும் ஐப்பசியும். சுண்ணாம்பு காயவும் செங்கல் கட்டு இறுகவும் மாசி, பங்குனிதான் காலம். நோன்பும் பெருநாளும் எப்போது விழுகின்றன என்று பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள். துறைகளில் என்றால் கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கினால் கொத்தனாரும் வர மாட்டார், சமையலும் நடக்காது. புறவாசல் கல்லையும் சாய்ப்பையும் முதலில் போட்டுவிட்டால், உள்ளே சுண்ணாம்பு காய்கிற நாள்களில் சமையலை அங்கே வைத்துக்கொள்ளலாம்.